விழுங்கக் கூடாத மாத்திரை

மருந்துக் கம்பெனி விற்பனையாளனாக நான் ஆரணிக்குப் போய்வந்த தொண்ணூறுகளில் அங்கே ஒரு மெடிக்கல் கடைக்காரரைத் தெரியும். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கட்டைவிரலில் எச்சில் தொட்டுத்தான் காகிதக் கவரைப் பிரிப்பார். பார்க்கவே குமட்டும்.

ஒருநாள் தறி நெய்கிற பெண் ஒருத்தி, காலி மாத்திரைப் பட்டையோடு வந்தாள்.

"ஆறு நாளும் முழுங்கினேங்க. சுண்ணாம்பாட்டம் கீது. வெள்ளப்படறது நிக்கல, அரிப்பும் போவல. தறியில உக்காந்துகினு இருக்க முடியலைங்க."

அது எங்கள் கம்பெனியுடையது; பூஞ்சைத் தொற்றுக்குப் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கிற மாத்திரை. வைக்கும் விதத்தைப் படம் போட்டுக் காட்டும் தாளைப் பெட்டியோடு கிழித்தெறிந்துவிட்டு, வெறும் பட்டையை மட்டும்தான் அவர் பெண்களுக்குக் கொடுப்பார்.

மறுபடியும் எச்சில் தொட்டார். இன்னொரு பட்டையைக் கவரில் போட்டார். "இன்னும் ஆறு நாளு, படுக்கறப்போ ஒண்ணு. சரியாப் பூடும்மா."

அவள் படியிறங்கியதும், "சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அத்த எப்டி சார் ஒரு பொம்பள கிட்ட சொல்றது? அசிங்கம்!" என்று முகம் சுளித்தார்.

அந்த மனிதரை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. ஆனால் அன்று என் பையில் அதே படத்தாள்கள் ஒரு கட்டு இருந்தன. அவள் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். நான் ஆர்டர் புத்தகத்தைத் திறந்தேன்.