நோய் எந்த ஃபைலுக்குப் போகணும்?

நோய் எங்க இருக்குன்னு டாக்டருக தேடுவாக. அது எந்த ஃபைலுக்குப் போகணும்னு தேடுறது என் பொழப்பு. காரைக்குடியில ஒரு ஆராய்ச்சி நிதி ஆபீஸ்ல, வர்ற விண்ணப்பத்தையெல்லாம் பிரிக்கிற முதல் சல்லடை நான்தான். எங்க நிதி இயற்கை அறிவியலுக்கும் பொறியியலுக்கும். வைத்தியம்னா மருத்துவ நிதி, அது வேற ஆபீஸ். கேக்க சுளுவா இருக்குல்ல? விண்ணப்பம் போட்டுத் திருப்பி வாங்குன மக்களே, ஒங்களுக்குத்தான் தெரியும் அந்தச் சுளுவு.

போயிட்டு வந்த கட்டு

மீனாள் மேடம் பொருளறிவியல், அதான் மெட்டீரியல் சயின்ஸ், படிச்சவுக. வேர்வைய வச்சே ரத்தச் சர்க்கரைய சொல்ற ஒரு பட்டை செய்யணும்னு கேட்டிருந்தாக. போன வருசம் ‘இது மருத்துவம்’னு திருப்பி அனுப்புனவன் நான்தான். மருத்துவ நிதிக்காரவுக ‘இது பொறியியல்’னு திருப்பிட்டாக. பங்குனியோட மேடத்தோட ஒப்பந்த வேலை முடியுது. இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா ஆய்வகத்தைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கையில, அதே விண்ணப்பக் கட்டைத் தூக்கிட்டு நேர்லயே வந்து நின்னாக. பஸ்ஸுல வந்த களைப்பு, நெத்தியெல்லாம் வேர்வை. நான் பாவம்னு ஃபேன அங்குட்டுத் திருப்பி விட்டேன்.

"வேணாம் சார், இந்த வேர்வையாச்சும் ஒங்க கண்ணுல படட்டும்"னாக.

கட்டைவிரல்

எனக்குன்னு ஒரு சோதனை இருக்கு. நோய் பேரு எங்க வந்தாலும் கட்டைவிரல வச்சு மூடிருவேன். மிச்சத்துல ஒரு அறிவியல் கேள்வி நின்னா நம்ம நிதி, நிக்கலைன்னா மருத்துவம். ஒரு நாள் செயற்கை முட்டி பத்தி ஒண்ணு வந்துச்சு. முட்டிய மூடுனேன். ரெண்டு உலோகம் உரசுனா ஏன் தேயுதுங்கிற கேள்வி ஜம்முன்னு நின்னுச்சு. எடுத்து வச்சுட்டேன்.

அன்னைக்கு மத்தியானமே ஒரு பேராசிரியர் மூட்டுவலித் தைலத்தோட வந்தாரு. மூட்டுவலிய மூடுனேன். தைலம் மட்டும் நின்னுச்சு. "கேள்வியக் காணமே சார்"னேன். அவரு மேசைக்கு மேல எட்டிப் பார்த்தாரு.

"ஒங்க விரலு ரொம்பப் பெருசு சார்."

வெறும் வயித்தோட மேற்பரப்பு

‘நோயாளி’ன்னு ஒரு சொல்லு இருந்தாலே நான் திருப்பிருவேன்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். பள்ளத்தூர்க்கார இளம் பேராசிரியர் ஒருத்தரு, தன் விண்ணப்பத்துல இருந்த அத்தனை ‘நோயாளி’யையும் கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல ‘மேற்பரப்பு’ன்னு மாத்தி அனுப்பிட்டாரு. ‘மேற்பரப்பு காலை ஏழு மணிக்கு வெறும் வயித்தோட வர வேண்டும். மேற்பரப்புக்கு மயக்கம் வந்தால் வீட்டாருக்குத் தெரிவிக்கப்படும்.’ இத நான் செய்தி வாசிக்கிற குரல்ல படிக்க, ஆபீஸே வயித்தைப் புடிச்சுக்கிச்சு.

போனைப் போட்டு, சொல்லை மாத்துனா ஆராய்ச்சி மாறாதுய்யான்னு கால் மணி நேரம் விளக்குனேன். பொறுமையாத்தான் கேட்டாரு.

"புரிஞ்சிருச்சு சார். அப்ப ‘பொருள்’னு மாத்திரவா?"

தலைவரு குரல்

மீனாள் மேடம் கட்டுலயும் விரல வச்சேன். எல்லாப் பக்கத்துலயும் சர்க்கரை. மூடுனா வெறும் காகிதந்தான். போன வருசமும் இப்படித்தான் திருப்புனேன், ஆனா இந்தத் தடவ மனசு கேக்கலை. கடைசித் தேதிக்கு முன்னாடி யாரு வந்து கேட்டாலும் வழி சொல்றது எங்க வழக்கம். அவுகள மறுபடி வரச் சொன்னேன். நிதி குடுக்கலாமான்னு முடிவு பண்ற எங்க குழுத் தலைவரு எதக் கேக்குறதுக்கும் முந்தி ரெண்டு தடவ செருமி, மூக்கால இழுப்பாரு. ஒத்திகைக்கு அந்தக் குரல எடுத்தேன்: "ம்க்கும்… ம்க்கும்… ஏம்மாஆ, சர்க்கரை வியாதிக்கு நாங்க எதுக்கும்மா நிதி குடுக்கணும்?"

வந்துச்சே கோவம்! "சர்க்கரை கிடக்கட்டும் சார்! உப்பு வேர்வை பட்டா பட்டையில இருக்குற படலம் ஒரே நாள்ல உரியுது. ஏன் உரியுதுன்னு தெரியலை. அதைக் கண்டுபுடிக்கத்தான் கேக்குறேன்!"

நான் விரல எடுத்துட்டேன். "மேடம், இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அதான் எங்க லேப்ல எல்லாருக்கும் தெரியுமே சார், அதை எதுக்கு எழுதணும்?"

ம்க்கும்

அதையே முதல் வரியா எழுதிக் குடுத்தாக. குழு கூடுச்சு, மேடத்தையும் கூப்பிட்டிருந்தாக. நான் மூலையில குறிப்பெடுத்துக்கிட்டிருக்கேன். தலைவரு ரெண்டு தடவ செருமுனாரு, மூக்கால இழுத்தாரு, அச்சு அசலா அதே கேள்வி. மேடம் உதட்டைக் கடிச்சாக, என்னையப் பார்த்தாக, குபீர்னு சிரிச்சுட்டாக. ஒரு பொழப்பு என் குரலால போச்சேன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

"மன்னிச்சிருங்க சார்"னு தண்ணியக் குடிச்சுட்டு, படலம் உரியுற கதைய மூச்சு விடாம சொன்னாக. தலைவரு தாளைத் தன் பக்கம் இழுத்து, சர்க்கரை மேல தன் கட்டைவிரலையே வச்சுப் பார்த்தாரு. தலைய ஆட்டுனாரு. கையெழுத்துப் போட்டாரு. அப்பறம் மெதுவா மூலைப் பக்கம் திரும்புனாரு.

"ம்க்கும்… அடுத்த தடவ என்னைய மாதிரிப் பேசுறப்ப, மூக்கைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கய்யா."

இத்தனை வருசச் சல்லடையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: நோய மூட ஒரு விரலு போதும், உள்ள கிடக்குற கேள்விய வெளிய கொண்டாரத்தான் ஆளைக் கோவப்படுத்த வேண்டியிருக்கு.