மெர்காடா வாங்கிய பிள்ளை

மெர்காடா பின்காஸுக்கு எழுபத்தாறு வயதானபோது, ஒரு தாய் வந்து தன் மகளை விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னாள். மெர்காடா முடியாது என்று சொல்லிவிட்டாள்.

கேட்டவள் செல்மா. பிளோவ்டிவ் நகரில் யூதர் சங்கத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அன்று சங்கத்தில் முதியவர்களுக்கான மதியச் சாப்பாடு. சமையலில் இருந்த மெர்காடா வெங்காயத் தோலைக் குப்பையில் போடாமல் ஒரு பையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் நடக்கவிருந்த மெல்தாதோவுக்கு முட்டைகளை அந்தத் தோலோடு வேகவைக்க வேண்டும். இறந்தவரின் நினைவு நாளில் வீட்டில் கூடி, வேதப் பகுதிகளை வாசித்து, பழுப்பேறிய முட்டையும் ஆலிவும் சாப்பிட்டுப் போவதுதான் மெல்தாதோ.

"அத்தை, சோஃபியாவுல அதேலாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க" என்றாள் செல்மா.

"நல்லதாப் போச்சு. எப்பவோ பண்ணியிருக்கணும்."

"அதுக்கு முன்னாடி நீங்க அவள வாங்கிக்கணும்."

மெர்காடா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ படிச்ச பொண்ணு. கடை நிறைய மருந்து வெச்சிருக்க."

"படிச்சதாலதான் அத்தை பயம். என்னென்ன ஆகலாம்னு எனக்கு ஒண்ணு விடாமத் தெரியும்."

மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்த பொஹோர் நத்தான் நிமிர்ந்தார். மெல்தாதோக்களில் வாசிப்பவரும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துப் பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்து சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். "வாங்கிக்கோயேம்மா. இந்த வயசுல வலியில்லாமப் பிள்ளை கெடைக்குது."

"நீங்க சூப்பக் குடிங்கண்ணே."

"இது சூப்பா? உப்பே இல்ல."

"உங்க ரத்தக் கொதிப்புக்கு அதுவே போதும்."

பிள்ளை சாகக் கிடந்தால் வேறொரு வீட்டுக்கு விற்றுவிடுவது அவர்களிடம் இருந்த பழைய வழக்கம். பிள்ளையின் பெயரும் மாறிவிடும். சாவு அந்தப் பெயரைத் தேடி வந்தால், அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லிவிடலாம். மெர்காடா என்றாலே வாங்கப்பட்டவள் என்றுதான் பொருள். பிறந்தபோது அவளுக்கு ரெபேக்கா என்று பெயர். மூன்று வயதில் தொண்டை அடைப்பான் வந்து மூச்சுத் திணறிக் கிடந்தவளை, பிள்ளையில்லாத பக்கத்து வீட்டு ஓரோ பெஹார் ஒரு காசு கொடுத்து வாங்கினாள். அதே நாளில் மருத்துவர் வந்து ஊசியும் போட்டார். பிழைக்கவைத்தது ஊசிதான் என்று செவிலியர் பள்ளியில் சேர்ந்த பிறகு மெர்காடா தெரிந்துகொண்டாள். ஓரோவிடம் மட்டும் அதைச் சொன்னதில்லை. அந்தப் பள்ளிக்கு அனுப்பியதே ஓரோதான்.

விற்ற பிள்ளையைக் கல்யாணத்துக்கு முன்பாவது பெற்றவர்கள் திரும்ப வாங்கிவிட வேண்டும். வாங்கியவர் "விற்றேன்" என்று வாய்திறந்து சொன்னால்தான் அது செல்லும். மெர்காடா செவிலியாகியிருந்த சமயம், போர் முடிந்து ஊரில் பாதிப் பேர் கப்பலேறிப் புது நாட்டுக்குப் புறப்பட்டார்கள். பின்காஸ் குடும்பமும் மூட்டை கட்டியது. மெர்காடாவின் தாய் ஒரு காசை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஓரோ பக்கவாதத்தில் விழுந்து கிடந்தாள். தாய் ஒருமுறைக்கு மூன்று முறை கேட்டாள். ஓரோவும் வாயைத் திறந்துதான் பார்த்தாள், எச்சில்தான் வழிந்தது. மெர்காடா அதைத் துடைத்துவிட்டாள்.

"இதெல்லாம் ஒரு சம்பிரதாயம். நீ பெட்டியக் கட்டு" என்றார் தகப்பனார்.

"யாருப்பா இவங்களப் பொரட்டிப் படுக்கவைக்கறது?" என்று கேட்டாள் மெர்காடா.

குடும்பம் கப்பலேறியது. மெர்காடா பகலில் பிள்ளைகள் வார்டிலும் மற்ற நேரத்தில் ஓரோவின் கட்டிலருகிலும் இருந்தாள். ஓரோ சாகும்வரை, அத்தனை வருடத்தில் அவள் முதுகில் ஒரு படுக்கைப்புண் கிடையாது. கல்யாணம் என்ற பேச்சு வந்து வந்து, கடைசியில் வராமலே போயிற்று. பெற்றோரின் நினைவு நாளை அந்தப் புது நாட்டில், யாஃபாவில், தம்பி நடத்துகிறான். ஓரோவுக்கு நடத்த இவளை விட்டால் ஆளில்லை.

இதையெல்லாம் மெர்காடா செல்மாவிடம் சொல்லவில்லை. "வாங்கறது சுலபம்டி. திருப்பிக் குடுக்கறதுக்குள்ள நான் போய்ட்டா? இல்ல, வாய் அடைச்சுக் கெடந்தா? அந்தச் சின்னது தலைல என்னைக் கட்டி வெக்கறதா?" என்று மட்டும் கேட்டாள்.

செல்மா எழுந்து கடைக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து மெர்காடா ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். செல்மா எடுத்துக் கொடுத்தது சர்க்கரை வியாதிக்கான மாத்திரை. அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு தட்டியிருந்தது. அதேலா மூன்றே படி ஏறி வந்து, உதடு ஊதாவாகி, மூச்சுக்காகத் தரையில் குந்தினாள். தாய் ஓடிப்போய்த் தூக்க, அவள் நடுக்கம் பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டு பிள்ளை அழ ஆரம்பித்தது. அழ அழ உதடு இன்னும் கறுத்தது. மெர்காடா தாயை விலக்கிவிட்டு, பிள்ளையை முழங்கால் மடக்கிய நிலையிலேயே விட்டு, முதுகைத் தடவிக்கொடுத்து அடக்கினாள்.

இப்படி ஒரு தாய் ஆபரேஷன் அறை வரைக்கும் கூடப் போனால் பிள்ளையின் கதி என்ன என்று யோசித்தாள். விற்றுவிட்டோம் என்ற மருந்து பிள்ளைக்கு அல்ல, தாய்க்குத் தேவை.

"வாங்கிக்கறேன்" என்றாள். "ஆனா வீடு திரும்பின அன்னிக்கே நீ திரும்ப வாங்கிடணும். ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது."

விற்பனை கடைவாசலிலேயே நடந்தது. பொஹோர் சாட்சி. அவர் சொல்லிக்கொடுத்தபடி செல்மா அதேலாவை வெளியே நிறுத்திவிட்டு, "எனக்குப் பிள்ளை கெடையாது. இது யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம்" என்றாள். மெர்காடா ஒரு காசைக் கொடுத்து அதேலாவின் கையைப் பிடித்தாள்.

"என் வெல இவ்ளோதானா?" என்றது பிள்ளை.

"முன்பல்லு ரெண்டும் இல்ல. அதுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார் பொஹோர்.

விற்ற பிள்ளை பெற்றவள் எடுத்துக்கொடுத்த துணியை உடுத்தக் கூடாது. மெர்காடா பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, முன்பக்கம் திறக்கும்படி இரண்டு சட்டை தைத்தாள். நெஞ்சில் கட்டோடு இருக்கும் பிள்ளைக்குத் தலைவழியாகச் சட்டை போட முடியாது. பிறகு ஒரு சின்னத் தலையணையைக் கையில் கொடுத்து, அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமப் பழக்கினாள்.

"இருமல் வரலயே" என்றாள் அதேலா.

"வரும்போது பழக நேரம் இருக்காது. இருமு."

ஆபரேஷன் தேதி ஓரோவின் மெல்தாதோ நாளிலேயே வந்து விழுந்தது. அத்தனை வருடத்தில் மெர்காடா அந்த நாளைத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடுகூட நடத்தியிருக்கிறாள். பொஹோரிடம் போய், "இந்த வருஷம் ஓரோவுக்கு வாசிப்பு இல்லண்ணே" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்லன்னு நீயா முடிவு பண்ணிட்டியா? வீட்டுச் சாவியக் குடு."

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"நீ மட்டும் என்ன உறவாம், ஒரு காசு உறவு! சாவியக் குடும்மா."

சோஃபியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு இளம் செவிலி மறித்தாள். "நீங்க பிள்ளைக்கு யாரு?"

"வாங்கின அம்மா."

அவள் செல்மாவைப் பார்த்தாள். செல்மா தலையாட்டினாள். மெர்காடா சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்ததைப் பார்த்த செவிலி, மேற்கொண்டு கேட்காமல் மேலங்கியை நீட்டினாள்.

அதேலா கண் விழிக்க வெகுநேரம் பிடித்தது. மெர்காடா ஈரப் பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது ஊதா இல்லை என்பது தெரிந்தது. வெளிர் ரோஜா நிறம். வெளிச்சத்தின் கோளாறாக இருக்கலாம் என்று விளக்கைத் திருப்பி இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டாள்.

"அதேலா, கேக்குதாம்மா?" என்றாள் செவிலி.

"அதேலா இங்க இல்ல" என்று பிள்ளை முனகியது. "நான் மெர்காடா."

அப்புறம் இருமல் வந்தது. கை தானாகத் தலையணையைத் தேடி நெஞ்சோடு இறுக்கியது.

சாயங்காலம் மெர்காடா தாழ்வாரத்துத் தொலைபேசியில் பொஹோரைக் கூப்பிட்டாள். கூட்டம் நாற்காலி போதாமல் நின்றதாம். அவருக்குத் தொண்டை கட்டியதால் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்தான் ஆளுக்கு ஒரு வரி எழுத்துக்கூட்டி வாசித்தார்களாம். "அவங்க முடிக்கறதுக்குள்ள எனக்கே மெல்தாதோ நடத்தற வயசு வந்துடுச்சு. முட்ட வெள்ளையாவே இருந்துச்சு. தோலப் போட மறந்துட்டானுங்க."

"பைல கட்டி அடுப்புப் பக்கத்துலயே வெச்சிருந்தனே."

"எல்லாரும் சாப்டாங்க. ஓரோ பேரச் சொன்னாங்க. வேற என்ன வேணும் ஒனக்கு?"

மெர்காடா போனை வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே போனாள்.

அதேலா வீடு திரும்பினாள். செல்மா திரும்ப வாங்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "தையல் பிரிக்கட்டும் அத்தை" என்றாள். தையல் பிரித்ததும், "பள்ளிக்கூடம் சேரட்டுமே" என்றாள். நன்றாக இருக்கிறதை ஏன் கலைக்க வேண்டும் என்ற பயம்.

மெர்காடா அதேலாவைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடை வாசலுக்குப் போனாள். மூன்று படியையும் பிள்ளை நிற்காமல் ஏறியது.

"கேளு" என்றாள் செல்மாவிடம்.

"இன்னும் கொஞ்ச நாள் அத்தை..."

"என் வாய் நல்லா இருக்கும்போதே கேளுடி. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

மெர்காடா கெஞ்சி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. செல்மா கல்லாவைத் திறந்து ஒரு காசை எடுத்தாள். "எனக்கு அந்தப் பிள்ளையக் குடுப்பீங்களா?"

"வித்தேன்" என்றாள் மெர்காடா. தெருமுனை வரை கேட்டிருக்கும். சொல்லிவிட்டு எடை பார்க்கும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதேலாவுக்குக் கோபம். "அப்ப நான் மெர்காடா இல்லியா?"

"இல்ல. அதேலா. உங்கம்மா பொண்ணு."

"உங்களுக்கு?"

"எனக்கு நீ ஒண்ணும் கடன்படல. வரணும்னு தோணினா வா. தோணலன்னா வராத."

"இப்பவே தோணுது" என்றது பிள்ளை.

"மொதல்ல உங்கம்மா குடுக்கற சட்டையப் போட்டுட்டு வா" என்று சொல்லி, மெர்காடா எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.