வாகைக்குளத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்

இறக்கையிலிருந்த விசிறி சுழலத் தொடங்கியதும் காது அடைத்து, நெஞ்சுக்கூடு அதிர்ந்ததுதான் என் முதல் விமானப் பயணத்தில் இன்றும் உடம்பில் தங்கியிருக்கும் நினைவு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் மடியில் ஏழு மாதத் தங்கச்சி. காலடியில், மூடி கொஞ்சம் சரியில்லாத தூக்குவாளியில் அப்பாவுக்கான பொரித்த சீலா மீன்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த அப்பா, தங்கச்சி பிறப்பதற்கு முன்பே கடலுக்குப் போனவர். அன்று காலை எதிர்பாராமல் அவரிடமிருந்து போன் வந்தது. கப்பல் சென்னையில் நிற்கிறதாம், இரவு கிளம்பிவிடுமாம், அடுத்துக் கரை காண ஆறேழு மாதமாகுமாம். பக்கத்தில் நின்ற மாமாவிடம், "டிரெயினு நாளைக்குக் காலையிலதான் போய்ச் சேரும்ணே, அதுக்குள்ள கப்பல் போயிரும்" என்று சொல்லும்போதே அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

கடற்கரைச் சாலையில் கயிற்றுக்கடை வைத்திருந்த மாமா அம்மாவின் அண்ணன், அதிகம் பேசாதவர். "டிரெயினுக்கு ஒன்னய யாரு போகச் சொன்னா? வாகைக்குளத்துல பிளேன் ஏறினா ஒன்றரை மணி நேரம். பிள்ளையத் தூக்குளா" என்று சொல்லிக் கடையை அடைத்தவர், எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் சென்னையிலிருந்து வரவேண்டிய விமானம் வரவில்லை. காற்று பலமாம். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக வெறும் ஓடுதளத்தைப் பார்த்தபடி இருக்க, அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா ஓடிவந்து, "கவலைப்படாதீங்க, கிளம்பிட்டாம்" என்று சொல்லித் தங்கச்சியை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். ஒருவழியாக விமானம் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு மேலெழுந்தபோது, கீழே உப்பளங்கள் பாத்தி பாத்தியாக மின்னின. மீன் வாசம் பின்வரிசை வரை போய் அம்மாவைக் கூச வைத்தது.

சென்னையில் இறங்கியபின் நெரிசலில் துறைமுகம் போய்ச் சேரப் பறந்து வந்த நேரத்துக்கு மேல் ஆயிற்று. பொழுது சாயும் வேளை. வாயிலுக்கு வெளியே, அரை மணி நேரத்தில் கப்பலேற வேண்டியவராக, தாடியும் கறுத்த முகமுமாக அப்பா நின்றிருந்தார். தங்கச்சியை வாங்கினார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீரிட்டாள். என்ன சமாதானம் செய்தும் அடங்கவில்லை. "புது மொகம்லா, கொண்டாங்க" என்று அம்மா கை நீட்ட, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே அப்பா தரமாட்டேன் என்றார்.

"அழட்டும்ளா. இந்தச் சத்தத்தையாவது காதுல வச்சிக்கிட்டுப் போறேன்."

அப்பா இப்போது கப்பல் வேலையை விட்டுக் கரையோடு வந்துவிட்டார். வாகைக்குளத்தில் அந்த விசிறி விமானத்தின் இடத்தில் பெரிய விமானங்கள் வருகின்றன; பழைய சின்னக் கட்டடம் போய்ப் புதிய முனையம் வந்திருக்கிறது. பிறந்த பிள்ளையைத் தகப்பன் அன்றைக்கே போனில் பார்த்துவிடுகிற காலம் இது. எங்களை வழியனுப்பிய மாமாவோ கடைசிவரை விமானம் ஏறவில்லை. வேலைக்குச் சேர்ந்தபின் நான் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன், "எனக்கு அங்கன என்ன சோலி? நீங்க போயிட்டு வாங்க" என்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இன்று தங்கச்சியும் அப்பாவும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு சண்டை போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்த அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.