சுண்ணாம்பு பூசிய டேங்கர்

அக்கா வீட்டு வைக்கோல் போரின் மேல் போர்த்திய தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க, ஒரு வட்டமான இரும்பு மூடியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு டேங்கரின் மேல், ஒரு ஆள் உள்ளே இறங்கும் அளவுக்குப் பெரிய வாயை மூடியிருந்த மூடி அது. வெளிப்பக்கம் துரு ஏறிவிட்டது. உட்பக்கத்தில் சுண்ணாம்பு இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை மலைக்குப் போகும்போதும் அதை இறக்கித் திருப்பி, மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். "ஆரம்பிச்சுட்டான்யா மோந்து பார்க்க" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். ஒடுகத்தூரில் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது இரட்டிப்பானது. எந்த அட்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் காலாவதித் தேதியைத்தான் தேடுவேன். கல்யாண வீட்டில் இலையில் விழும் பாயசத்தைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பேன். அப்படிப்பட்டவனுக்கு மாமா ஒரு பழைய டேங்கர் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

மாமா என்றால் அக்காவின் கணவர். ஜவ்வாது மலையின் கீழ்ச்சரிவில், ஒடுகத்தூரிலிருந்து மேலே ஏறும் வழியில் அவர்கள் ஊர். ஊரைச் சுற்றிலும் பனை. பல வருடம் கண்டவர் லாரியையெல்லாம் ஓட்டிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவருக்கு ஒரு யோசனை உதித்தது. அங்கே ஒவ்வொரு வீடும் தன் பதநீரைத் தன் அடுப்பில் காய்ச்சித்தான் வெல்லம் எடுத்தது. காட்டில் விறகு பொறுக்குவது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய காய்ச்சும் கொட்டகை போட்டாகிவிட்டது. ஆனால் பானைகளை மொபெட்டில் கட்டி இறக்கினால் பாதி வழியில் சிந்தியது. மீதி வெயிலில் புளித்தது. புளித்த பதநீர் கள். கள்ளோடு ரோட்டில் நின்றால் அது வேறு வம்பு. எல்லாப் பானையையும் ஒரே நடையில் இறக்க ஒரு டேங்கர் இருந்தால் போதும் என்றார் மாமா. வீட்டுக்கு வீடு அடுப்பெரிக்காமல் ஊர் அந்தப் பருவத்தைத் தாண்டுமா என்பது அந்த டேங்கரைத்தான் நம்பியிருந்தது.

அவர் வாங்கிவந்த வண்டிக்கு வெள்ளைப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. பழைய வண்டிக்குப் புதுப் பெயின்ட் எதற்கு? "பால் வண்டிதான் மச்சான். வித்தவன் சத்தியம் பண்ணான்" என்றார். பால் விற்கிறவன் பாலில் தண்ணீர் இல்லை என்றுகூடத்தான் சத்தியம் செய்வான். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் ஊர்கள் ஒன்றிரண்டா? அங்கே ஓடும் டேங்கர்களில் தோல் ஊறிய பச்சைக் கழிவிலிருந்து என்னென்ன போகும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நடுப்பகலில் டேங்க் சூடேறியபோது வாய்க்குள் தலையை நீட்டினேன். ஏதோ ஒரு நெடி வந்தது. பெயின்ட் வாசனை என்றார் மாமா.

ஊரும் என்னைப் போலத்தான் இருந்தது. மலைப் பாதையில் டேங்கர் ஏறினாலே செக்போஸ்ட்டில் நிறுத்தி, சாராயமா என்று டேங்கின் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். பனையேறுகிறவர்களோ தூர நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் யாரும் மீறாத பேச்சு வெல்லக்கார அம்மாவுடையது. அந்த ஊரிலேயே நல்ல வெல்லம் காய்ச்சுகிறவர். அவர் டேங்கரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இதுல முன்னாடி இன்னா இருந்துச்சு, டிரைவரே?"

"பாலும்மா."

"பாலுன்னா பால் நாத்தம் வரணுமே."

மாமா சளைக்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டு உள்ளே இறங்கித் தேய்த்தார். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி அலசினார். பிறகு, பதநீர் புளிக்காமலிருக்கப் பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதைப் போல, டேங்கின் உட்புறம் முழுவதும் சுண்ணாம்பு பூசினார். சுவருக்கு வெள்ளையடிக்கும் மட்டையோடு அவர் டேங்கின் வாய் வழியே வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் வெளுத்து, ஒரே நாளில் கிழவராகிவிட்டதைப் போலிருந்தார். ஊரே சிரித்தது. ஆனால் ஒருவரும் ஊற்ற முன்வரவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப்பானை வாங்கினால் அதில் இறக்கிய முதல் பதநீரை விற்க மாட்டார்கள். பானை வாங்கிய வீடுதான் குடிக்க வேண்டும். கெடுதல் ஏதாவது இருந்தால் அந்த வீட்டோடு போகட்டும் என்ற கணக்கு. "உன் பானைக்கும் அதேதான்" என்றார் வெல்லக்கார அம்மா. ஆனால் யாரும் ஊற்றாத டேங்கில் பதநீருக்கு எங்கே போவது? கடைசியில் மாமாவே ஒரு வழி சொன்னார். டேங்க் நிறையக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, ஒரு வாரம் அதையே தன் வீட்டில் குடிப்பது, அதிலேயே சமைப்பது. ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த வாரம் நான் அங்கேதான் இருந்தேன். ஊர்ப் பெண்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அக்காவின் அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள். சோறு வடித்த கஞ்சியின் நிறத்தைக்கூடப் பார்த்தார்கள். மாமா வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, டேங்கரின் குழாயைத் திறந்து செம்பில் பிடித்து மடமடவென்று குடிப்பார். நான் முகர்ந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, வேறு வழியில்லாமல் விழுங்குவேன். வயிற்றில் ஏதாவது சத்தம் கேட்டால் பயப்படுவேன். என் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வரும்போது மாமாவின் மேல் ஆத்திரமாக வந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாரக் கடைசியில் வெல்லக்கார அம்மா வந்து, "சரி, நாளைக்கு ஊத்துறோம்" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதநீர் ஊற்றுவதற்கு முன் புதுச் சுண்ணாம்பு பூச வேண்டுமென்று, மீதித் தண்ணீரைத் திறந்துவிட்டு மாமா உள்ளே இறங்கினார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவர் சுண்ணாம்பு பூசியிருக்கவில்லை. அக்கா குடத்தில் எடுத்து வைத்திருந்த டேங்கர் தண்ணீரை வாசலில் கொட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குச் சுரீரென்றது. இந்த ஆள் இத்தனை நாளும் ஊரை ஏமாற்றியிருக்கிறார், விஷயம் முடிந்ததும் தன் உயிரைப் பார்த்துக்கொள்கிறார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பானைகள் வரிசையாக வந்து நின்றன. மாமா டேங்கரின் மேலேறி அந்த மூடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஊத்தாதீங்க" என்றார்.

மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அதில், டேங்கின் உள்ளே வெல்டிங் மடிப்பில் சுரண்டிய சுண்ணாம்பு. வெள்ளையாக இருக்க வேண்டியது பாசி நிறத்தில் இருந்தது. "பானையில சுண்ணாம்பு பச்சையாகிப் பார்த்திருக்கீங்களா? ஒரு இடத்துல இல்ல, மடிப்பு முழுக்க இப்படிக் கீது. இன்னான்னு எனக்குத் தெரியல. நீங்க நம்பிட்டீங்க. எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

யாராவது அவரைப் பாராட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒரு வாரம் காத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். "வெல்ல யாவாரிங்க கையில விலை போய்ட்டான்" என்றார் ஒருவர். வெல்லக்கார அம்மா பொட்டலத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதுல இன்னா திட்டம் வச்சிருக்கியோ, யாரு கண்டா" என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அன்றைய பதநீரைக் காய்ச்ச, கிடைத்த விறகையெல்லாம் எரித்தார்கள். எரிக்க ஏதுமில்லாதவர்கள் புளித்ததை மரத்தடியில் கொட்டினார்கள். அந்தப் பருவம் அப்படியே போனது. கொட்டகையில் இப்போது யாரோ புளி காய வைக்கிறார்கள்.

அக்கா மட்டும் அன்று வழக்கம்போல மாமாவுக்குச் சாப்பாடு போட்டாள். போட்டுவிட்டு, "அந்தத் தண்ணியைத்தானே நாம குடிச்சோம்?" என்று கேட்டாள். இன்றும் அவளுக்குக் காய்ச்சல் என்றால் நான் பயப்படுவது காய்ச்சலுக்கு அல்ல.

வண்டியைச் செங்கத்துப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது மாமா மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். மூடி இல்லாத டேங்கரில் எவனும் எதையும் ஊற்ற மாட்டான் என்பது அவர் எண்ணம். வேறு மூடி செய்ய ஆளா இல்லை என்று நான் அப்போதே கேட்டேன்.

"செய்யட்டும், மச்சான். அளவெடுக்க வாய்க்குள்ள தலையை வுடுறவன் கண்ணுல அந்தப் பச்சை படும் இல்ல?"

போன வாரம் ஒடுகத்தூர் ரோட்டில் ஒரு வெள்ளை டேங்கர் என்னைத் தாண்டிப் போனது. குடிநீர் என்று எழுதியிருந்தது. பெயின்ட் புதிது. மேலே மூடியும் புதிது. வண்டி கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்தேன். பிறகு பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போய், நேராக வைக்கோல் போரில் ஏறி மூடியைத் தொட்டுப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது.