பிறந்தநாள் வாழ்த்துக்கு ஏற்றிய குத்துவிளக்கு

எங்கள் ஊரில் பாலத்துக்கு இந்தப் பக்கம் சுவிஸ், அந்தப் பக்கம் ஒஸ்திரியா. சுவிஸ்காரர் மலிவான இறைச்சிக்காகப் பாலம் கடப்பார்கள். நாங்கள் மலிவான அச்சுக்காகக் கடந்தோம். மாதம் ஒருமுறை எங்கள் தமிழ்ப் பத்திரிகையை நான்தான் காரில் ஏற்றி வருவேன். சுங்கக்காரன் இறைச்சி தேடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பான். எங்கள் பத்திரிகையை முழுதாகப் புரட்டிய ஒரே வாசகன் அவன்தான்.

பத்திரிகைக்கு மொத்தம் இரண்டு பேர். ஆசிரியர் பகலில் பள்ளிக்கூடம் துப்புரவு செய்வார், மாலையில் உலக அரசியல் எழுதுவார். நான் ஹோட்டல் குசினியில் வெங்காயம் வெட்டுகிறவன். பள்ளிக்கூடம் என்னைக் கண்டதே குறைவு. "வெட்டுறவனுக்கு ஒட்டவும் வரும்" என்று சொல்லி, பக்கம் அமைக்கும் வேலையை அவர் என் தலையில் கட்டிவிட்டார்.

அலுவலகம் என்பது தமிழ்க்கடையின் பின்னறை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டர். கடைக்கார அண்ணை "வெளிய போங்கோ" என்றால் பத்திரிகை அன்றோடு சரி.

அண்ணைக்கு அறுபது வயதானது. பிள்ளைகள் வாழ்த்துப் போடச் சொல்லிப் படம் தந்தார்கள். என்னிடம் இருந்ததில் ஆக வடிவான பிரேமைப் போட்டேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மாலை. முந்தின மாதம் யாரோ ஒருவரின் நினைவஞ்சலிக்குப் போட்ட அதே பிரேம். கீழே பெரிதாகப் 'பல்லாண்டு வாழ்க' என்றுதான் இருந்தது. ஆனால் எங்கள் சனம் எழுத்தை எங்கே பார்த்தது? விளக்கைப் பார்த்தது, துக்கத்துக்குப் போக வெள்ளைச் சட்டையைத் தேடியது. செத்த வீட்டுக்குப் போன் எடுத்து "மெய்யோ?" என்று கேட்கிற பழக்கமும் எங்களிடம் இல்லை.

சனிக்கிழமை பத்திரிகையைத் தபால் பெட்டிகளில் போட்டேன். ஞாயிறு காலை அண்ணை வீட்டு மணி அடித்தது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு அண்ணையே போய்க் கதவைத் திறந்தார். பக்கத்து ஊர்க் கடைக்காரர் நின்றார். போட்டிக்காரர், பல வருடமாக இவரோடு கதைக்காதவர்.

"ஐயோ, என்ர முதல் வேலையை எடுத்துத் தந்த மனுசன்!" என்று குனிந்து அழுதவர், நிமிர்ந்தார்.

"அண்ணை... நீங்களோ கதவு திறக்கிறியள்?"

"வேற ஆர் திறக்கிறது? உள்ள வா."

பின்னேரம் வரை சனம் வந்தபடியே இருந்தது. அண்ணை தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிப் போனார்கள். செத்த வீட்டில் 'போயிட்டு வாறன்' சொல்லக்கூடாதே! செத்தவர் எதிரே இருந்து பிஸ்கட் நீட்டினாலும் வழக்கம் வழக்கம்தான்.

மாலையில் அண்ணையிடமிருந்து எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது.

"மூதேவி, பத்திரிகையைச் சாக்காட்டிப்போட்டியேடா" என்றார் ஆசிரியர் வழியெல்லாம்.

"உங்கட கட்டுரைக்கு ஆராவது அழுதவையோ? என்ர பிரேமுக்கு ஊரே அழுதிருக்கு."

அண்ணை பத்திரிகையை மேசையில் விரித்து வைத்திருந்தார். "ஆர் இந்த விளக்குக் கொளுத்தினது?"

நான் கையை உயர்த்தினேன்.

"அந்தப் பக்கத்து ஊர்க் கடைக்காரன் அழுதவனடா. என்ர முகமே பாராதவன்." மூக்கை உறிஞ்சினார். "வாற மாதம் பின்னறையைப் பூட்டிப்போட்டுத் திரியாதேங்கோ. வந்த சனத்துக்கு ஒரு நன்றி நவிலல் போடவேணும்."

நன்றி நவிலலைச் செத்தவரின் குடும்பம்தான் போடும். செத்தவரே போட்டது எங்கள் பத்திரிகையில் மட்டும்தான்.

"எந்த பிரேம் அண்ணை?"

"இதே பிரேம். வடிவாக் கிடக்கு. விளக்கை மட்டும் அணைச்சுவிடு."

அவர் மனம் மாறுவதற்குள் வாசலில் கழற்றிய சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினேன். படியில் இறங்கும்போது மேலேயிருந்து அண்ணையின் குரல் வந்தது:

"டேய், நீயாவது போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போடா!"