அளவுச் சட்டை வாங்குவதில்லை

எங்கள் தையல்கடைச் சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கிய துணிப்பைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஒவ்வொரு பையிலும் ஒரு பழைய சட்டை, அதில் குண்டூசியால் குத்திய பெயர்ச்சீட்டு. அளவுச் சட்டை என்போம். சட்டை வரும், சட்டைக்காரர் வரமாட்டார். அளவெடுக்க நின்றது ஒரு பெண் என்பதுதான் காரணம்.

நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி எங்கள் வலியசாலைக்குக் கட்டிக்கொடுத்து வந்தவர். கடை அவர் கணவருடையது. ஊருக்கே அவர் மாஸ்டர். ஆண்கள் துணி மட்டும் தைக்கும் கடை. இருபது வருடம் திரைக்குப் பின்னால் இருந்து அக்கா வெட்டித் தைத்தார், நான் காஜா எடுத்துப் பட்டன் வைத்தேன். அது தெரிந்தவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாஸ்டருக்கு வாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அவர் அளவைச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எண் எழுத வரும், வந்தவர் முகத்தைப் பார்க்க வராது.

வந்தவர்களோ மாஸ்டரைத்தான் பார்த்தார்கள். நீங்களே எடுங்களேன் என்பார்கள். மாஸ்டர் நாற்காலியில் இருந்தபடியே, "என் கை இப்போ அவகிட்டயாக்கும்" என்று சிரிப்பார். அவர்கள் சிரிக்காமல் போய், மறுநாள் பையைக் கொடுத்தனுப்புவார்கள். அடுத்த கடையில் ஒருவர் நாள் முழுக்கப் பெண்களுக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அதை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எனக்குமே தோன்றியதில்லை, அக்கா கேட்கிற வரை. "அவரு எடுத்தா தொழிலு. நான் எடுத்தா மட்டும் அது என்னதாக்கும் பிள்ளே?"

கடைசியில் ஒரு பையால்தான் வினை வந்தது. அக்கிரகாரத்துச் சாமி ஒருவர், மாஸ்டரின் பழைய வாடிக்கை, மகனுடைய நிச்சயதார்த்தத்துக்குத் துணியும் அளவுச் சட்டையும் கொடுத்துவிட்டார். மகனுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டம் பக்கத்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. வேலைக்குச் சேரும் முன்னால் போட்ட சட்டை அது என்று யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வளர்ந்த வயிற்றுக்கு, நிச்சயதார்த்தக் காலையில் பட்டன் எட்டவில்லை. மறுநாள் சாமி கடைவாசலில் நின்று, தெருவே கேட்க, "பொம்மனாட்டி தைச்சா இப்படித்தான். மாஸ்டர் பேரையே கெடுத்துட்டா" என்றார். நான் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டேன். அக்கா பழைய சட்டையையும் புதுச் சட்டையையும் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். ஒரு நூல் விலகவில்லை.

"நீங்க தந்த சட்டைக்கு அளவு செரியாத்தான் இருக்கு சாமி. உங்க மகனுக்க அளவு எனக்கு எப்படித் தெரியும்? ஆளைக் காட்டலியே."

அன்று சாயங்காலமே எல்லாப் பைகளையும் உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பினார். என்னிடம் ஓர் அட்டையைத் தந்து, 'அளவுச் சட்டை வாங்குவதில்லை' என்று எழுதச் சொன்னார். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. இந்த மாதம் முழுக்க இப்படியே போனால் கடையைப் பூட்டிவிடலாம் என்று மாஸ்டரும் அக்காவும் பேசிக்கொண்டார்கள். அட்டையைக் கழற்றிவிடலாமே என்றேன். இத்தனை வருடத்தில் நானாகச் சொன்ன ஒரே யோசனை, அதுவும் கோழை யோசனை. அக்கா கோபப்படவில்லை. "கழத்தலாம். பொறவு நாம ரெண்டு பேரும் திரைக்குப் பின்னால போயி இருக்கணும், செரியா?" என்றார். அட்டை அங்கேயே இருந்தது.

இன்று அக்கா இல்லை. இப்போது வரும் பையன்கள் காதில் போனோடு கையை விரித்து நிற்கிறார்கள். அளவெடுப்பது யார் என்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்தான் எடுக்கிறேன். ஆனால் அன்று, அட்டை மாட்டிய பிறகு முதலில் வந்து நின்றது அந்தச் சாமிதான். கல்யாணம் நெருங்கிவிட்டதால் மகன் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு எடுத்து முடித்ததும் அக்கா சாமியைப் பார்த்தார். சாமி சந்நிதியில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கையை விரித்தார். அக்கா அவர் வயிற்றைச் சுற்றி டேப்பைப் பிடித்தார், ஆனால் எண்ணைச் சொல்லவில்லை. நான் பேனாவோடு காத்திருந்தேன்.

"மூச்சை விடுங்க சாமி" என்றார் அக்கா, தெருவுக்குக் கேட்காத குரலில். "இல்லேன்னா இந்தச் சட்டையும் பத்தாது."

சாமி மூச்சை விட்டார். டேப்பு இரண்டு அங்குலம் நகர்ந்தது. நாற்பத்து நாலு என்று எழுதினேன்.