கிடாக் குழம்பில் கறுப்புக் கலர்

மதுரையில் எங்கள் வீட்டு அடுப்படி என் கைவசம். பஜ்ஜி மாவைக் கோலி சோடா ஊற்றித்தான் கரைப்பேன். காரக்குழம்பில் அரை ஸ்பூன் காபித்தூள் போடுவேன். முத்தல் கறி வந்துவிட்டால் கறுப்புக் கலர், அதாவது கோலா. ஊற்றி வேகவைத்தால் கறி பஞ்சாகிவிடும். இனிப்புத் தூக்கலாகத் தெரிந்தால் உப்பு, மிளகாய், புளி என்று ருசி பார்த்துப் பார்த்துச் சரிக்கட்டிவிடுவேன். என் மனைவி சாப்பிட உட்காரும்போதே, “இன்னைக்கு என்னத்தப் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் கை வைப்பாள்.

அவளுடைய அப்பா மட்டும் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. எங்களுடையது காதல் கல்யாணம். நான்கு வருடமாகப் போக்குவரத்து இருந்தும் மனிதர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரிலேயே இருப்பேன். “அவரைச் சாப்பிடச் சொல்லு” என்பார் மகளிடம். ஒரே ஒரு தடவை ‘மாப்ள’ என்று கூப்பிட்டுவிட மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். சொல்வதற்கென்ன வெட்கம்?

போன வருடம் பேரையூர்ப் பக்கம் அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். அங்கே ஆண்கள்தான் சமைக்க வேண்டும். வழக்கமாகச் சமைக்கும் பங்காளி காய்ச்சலில் படுத்துவிட்டார். மாமனார் தன் மகனைப் பார்த்து, “அவருக்குத்தான் நல்லாச் சமைக்க வருமாமே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிடாவோ நல்ல முத்தல். எவ்வளவு கொதித்தும் கறி கல்லாகவே கிடந்தது. பூசாரி வேறு படையலுக்கு அவசரப்படுத்தினார். பிள்ளைகளுக்காக வாங்கி வைத்திருந்த கறுப்புக் கலரில் இரண்டு பெரிய பாட்டிலை, யாரும் பார்க்காத நேரமாக அண்டாவில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் கறி பதமாக வெந்துவிட்டது. பழக்கதோஷத்தில் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு வாய்க்குக் கொண்டுபோனேன்.

“மச்சான்!” என்று ஓடிவந்து கையைப் பிடித்தான் மனைவியின் தம்பி. “படைக்கிறதுக்கு முன்னாடி யாரும் வாயில வைக்கக் கூடாது, தெரியாதா?”

தெரியும். கலரை ஊற்றும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். ருசி பார்க்காமல் இனிப்பை எப்படிச் சரிக்கட்டுவது? குத்துமதிப்பாக மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டுச் சாமியைக் கும்பிட்டேன்.

படையல் முடிந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் முதல் இலை மாமனாருக்கு. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அத்தை அவருக்குக் காபியில்கூடச் சீனி காட்டுவதில்லை. நான்தான் குழம்பு வாளியோடு நின்றேன். ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு, தள்ளி நின்று சோறு போட்டுக்கொண்டிருந்த அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைக் குனியச் சொல்லிச் சைகை காட்டினார்.

போச்சு என்று குனிந்தேன்.

“மாப்ள,” என்றார் காதோரம். “இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க. உங்க அத்தைகிட்ட மூச்சு விட்றாதீங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து இலைக்காரரிடம் மிளகாய்த்தூள் என்று சமாளித்தேன். இரண்டு கரண்டி ஊற்றினேன். மூன்றாவதற்கும் இலையைத் தட்டினார்.

“போதும் மாமா, உடம்புக்கு ஆகாது” என்று வாளியை அடுத்த இலைக்கு நகர்த்தினேன்.